ஒற்றைச் சவளும் சிவப்பு வாயிலும்

வாவிக்கரையிலே பிறந்தவர்களுக்கு ஓடும் நீர் என்பது ஆண்டிற் சில வாரங்கள் மட்டும் வந்துபோகும் விருந்தாளி. மட்டக்களப்பு வாவி ஆண்டின் பெரும்பகுதியும் அசைவற்றே கிடக்கும். மாரி மழையால் வெள்ளம் பெருகி, முகத்துவாரம் வெட்டப்படும் நாட்களிலேதான் அந்நீர் தனக்கும் ஓட்டம் உண்டென்பதைக் காட்டும். அந்த நாட்களில் எனது அம்மப்பா தோணியைக் கட்டையிலிருந்து அவிழ்க்கமாட்டார். "தண்ணிக்குக் கோபம் வந்திருக்கு, அதோட கதைக்கக் கூடாது" என்பது அவர் கூறும் நியாயம். ஆகவே, கோபங்கொண்ட நீரைத் தேடிச் சென்று, அதனுள்ளே மெல்லிய வள்ளமொன்றை இறக்கி, நொடிகளை எண்ணிப் போட்டியிடும் மனிதர்கள் உலகில் உளர் என்பதை அவருக்கு முதன்முதலிற் காட்டியவள் நானே என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு சிறு பெருமை உண்டு.

அது 2021ஆம் ஆண்டு ஆடி மாதம். பெருந்தொற்றினால் ஓராண்டு பிந்திய டோக்கியோ ஒலிம்பிக் விழா பார்வையாளரின்றி நடந்துகொண்டிருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பல்கலைக்கழக அனுமதி கிட்டுமா, கிட்டாதா என்று புள்ளிகளைத் தசமதானம் வரையிற் கணக்கிட்டுக்கொண்டு வீட்டில் முடங்கியிருந்தவள் நான். வாவியில் மீன் இருந்தும் வாங்குவோர் வராமையால் திண்ணையில் முடங்கியிருந்தவர் அம்மப்பா. ஒரு மதியவேளை என் கைத்தொலைபேசியில் தற்செயலாகவே அந்தக் காட்சி வந்தது. வெண்ணுரை பொங்கும் கால்வாய் ஒன்று; அதற்கு மேலே கம்பியிற் கட்டித் தொங்கவிடப்பட்ட கோல்கள்; அக்கோல்களுக்கிடையே புகுந்து புகுந்து செல்லும் ஒரு பெண்.

"இது என்ன புள்ள, ஆத்துக்குள்ள தொட்டில் கம்பு கட்டி வச்சிருக்கானுகள்?" என்று கேட்டார் அம்மப்பா.

கேள்விக்கு விடை எனக்கும் அப்போது தெரியாது. பின்னரே தேடிப் படித்தேன். 'சிலாலம்' என்னும் சொல் நோர்வே நாட்டினது. பனிச்சரிவிலே கொடிகளுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கும் விளையாட்டின் பெயர். அதனைப் பின்பற்றி 1933இலே சுவிற்சர்லாந்தில் வள்ளங்களைக் கொண்டு இப்போட்டியை ஆரம்பித்தனர். 1949இல் ஜெனீவாவில் முதலாவது உலகச் சம்பியன் போட்டி நடைபெற்றது. இன்றைய விதிகளின்படி ஓடுபாதையிலே பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையான வாயில்கள் இருக்கும். பச்சையும் வெள்ளையும் பூசிய கோல்களுக்கிடையே நீரோட்டத்தோடு செல்லவேண்டும். சிவப்பும் வெள்ளையும் பூசிய கோல்கள் வேறு வகையின. அவற்றைத் தாண்டிச் சென்று, திரும்பி, நீரோட்டத்திற்கு எதிராக ஏறியே அவற்றினூடாக வரவேண்டும். கோல் ஒன்றினை உடலோ, துடுப்போ, வள்ளமோ தொட்டுவிட்டால் ஓடிய நேரத்தோடு இரண்டு விநாடிகள் தண்டமாகச் சேர்க்கப்படும். வாயிலைத் தவறவிட்டால் ஐம்பது விநாடிகள். முழுப்பாதையையும் கடக்க எடுக்கும் நேரமே நூறு விநாடிக்கு முன்பின்னாக இருக்கையில், ஐம்பது விநாடி என்பது போட்டியிலிருந்து வெளியேற்றம் என்பதற்கு மரியாதையான இன்னொரு பெயர்.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. போட்டிக்கென வாயில்கள் கட்டப்பட்ட பின்னர் அந்தப் பாதையிலே பயிற்சி செய்ய எவருக்கும் அனுமதியில்லை. முன்னோட்டமாகச் சிலர் அதனைக் கடந்து காட்டுவர். போட்டியாளர் கரையில் நடந்து அதனைப் பார்த்து மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். கண்களை மூடிக்கொண்டு, வெறுங்கைகளால் காற்றைத் துழாவியபடி, இல்லாத வாயில்களுக்குள் நுழைந்து வெளிவரும் அவர்களைப் பார்க்கையில், பரீட்சை மண்டபத்தின் வாசலில் நின்று வாய்க்குள் முணுமுணுக்கும் எங்கள் முகங்களே எனக்கு நினைவு வந்தன. நாம் மனனஞ் செய்த வினா வராமற் போகலாம். அவர்களுக்கோ வாயில் வரும், நீர்தான் பார்த்தபோது இருந்தது போல் இராது.

அன்றைய போட்டி பெண்களுக்கான கயாக். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெசிக்கா பொக்ஸ் வெல்வார் என்பதே எல்லோரின் எதிர்பார்ப்பு. அவருடைய குடும்பமே நீரிற் பிறந்த குடும்பம் எனலாம். தந்தை றிச்சர்ட் பொக்ஸ் இங்கிலாந்து நாட்டவர். தனிநபர் கயாக் போட்டியில் ஐந்து முறை உலகச் சம்பியன். எனினும் 1992இல் ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிட்டாது நான்காம் இடத்தோடு நின்றது. தாய் மிரியம் பிரான்ஸ் நாட்டவர். 1996 அற்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றவர். பின்னாளில் மகளின் பயிற்றுநரும் அவரே. மகள் 2012இல் தமது பதினெட்டாவது வயதில் இலண்டனில் வெள்ளி வென்றார். 2016இல் ரியோவில் வெண்கலம். எஞ்சியிருந்தது தங்கம் ஒன்றே.

ஜேர்மனியின் ரிக்கார்டா புங்க் ஒரு கோலையும் தொடாது 105.50 விநாடிகளில் ஓடி முடித்திருந்தார். ஜெசிக்கா நீரில் இறங்கினார். அவருடைய வேகத்தைப் பார்த்து நானே திண்ணையில் எழுந்து நின்றுவிட்டேன். ஆயினும் வழியில் இரு கோல்களை அவர் தொட்டுவிட்டார். அவர் ஓடிய நேரம் 102.73, தண்டம் நான்கு விநாடிகள், மொத்தம் 106.73. இடையிலே புகுந்த ஸ்பெயின் வீராங்கனை 106.63 உடன் வெள்ளியை எடுத்துக்கொள்ள, எல்லோரினும் விரைவாக நீரைக் கடந்தவருக்கு வெண்கலமே மிஞ்சியது.

"முட்டினது தெரியக்கூட இல்லையே" என்றேன் நான் ஆற்றாமையோடு.

"கம்புக்குத் தெரியும்" என்றார் அம்மப்பா.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. வாவியிலே இறாலுக்குக் கட்டிய வலைக்கம்புகளுக்கிடையே ஐம்பது வருடம் தோணி தாங்கியவர் அவர். பிறன் கட்டிய கம்பிலே தோணியை முட்டுவது எங்கள் கரையில் ஏறக்குறைய ஒரு குற்றம். கம்பு சரிந்தால் ஒருவனுடைய இரவு உழைப்பே சரிந்துவிடும். ஆதலால் கோலைத் தொடாமற் போதல் என்பது அவருக்கு விளையாட்டு விதியாகத் தோன்றவில்லை, பண்பாகவே தோன்றியது. அதைக்காட்டிலும் என்னை வியக்கவைத்தது சிவப்பு வாயில்களை அவர் விளங்கிக்கொண்ட விதம். இவ்வளவு விசையுடன் பாயும் நீரிலே எதிர்த்து எப்படி ஏறுகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, அவர் சிரித்தார். மாரிவெள்ளத்தில் பாலத்துத் தூணுக்குப் பின்னாலே நீர் என்ன செய்யும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தூணிலே மோதி இரண்டாகப் பிரியும் நீர், தூணின் பின்புறம் வெற்றிடமாகி விடுவதைப் பொறுக்காது, திரும்பி மேல்நோக்கி வந்து அதனை நிரப்புமாம். அந்தச் சுழிக்குள் தோணியின் முனையை வைத்துவிட்டால் நீரே தோணியைத் திருப்பிக் கொடுக்கும். "எதிர்த்துப் போறதில்ல புள்ள, அந்தப் புள்ள திரும்பி வாற தண்ணியில ஏறுது." பின்னாளில் நான் படித்த விளக்கங்கள் யாவும் இதனையே நீட்டிச் சொன்னவை.

புங்கைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அவர் தங்கம் வெல்வதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே, அதே ஆடி மாத நடுப்பகுதியில், அவர் பிறந்த ஆர் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் அழித்திருந்தது. ஜேர்மனியில் மாத்திரம் நூற்றெண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004ஆம் ஆண்டு மார்கழியிலே முதற் தோணியையும், அதனிலும் பெரியவற்றையும் இழந்த எங்கள் திண்ணையில் அச்செய்தியை நான் வாசித்துச் சொன்னபோது எவரும் எதுவும் பேசவில்லை. தண்ணீரால் அழிந்த ஊரின் மகள் தண்ணீரிலேயே வென்றாள் என்று எழுத எனக்கு ஆசைதான்; ஆனால் இழந்தவர்களுக்கு அப்படியான அழகிய வாக்கியங்கள் உதவுவதில்லை என்பதை அம்மப்பாவின் முகத்தில் அன்று கண்டேன்.

இரண்டு நாட்கள் கழித்து, ஆடி 29ஆம் நாள், மீண்டும் திண்ணை, மீண்டும் கைத்தொலைபேசி. இம்முறை போட்டி கனூ. கயாக்கில் கால்களை நீட்டி அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பை வலமும் இடமும் மாறிமாறி வலிப்பர். கனூவிலோ முழந்தாளிட்டு, ஓரலகுத் துடுப்பொன்றைக் கொண்டே எல்லாவற்றையும் செய்யவேண்டும். வலப்புறம் வலிப்பவர் இடப்புறம் குத்த நேர்ந்தால் உடலையே குறுக்காக முறுக்க வேண்டும், அல்லது நுரைக்கு நடுவே கைகளை மாற்றிப் பிடிக்க வேண்டும். அம்மப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது நம்மட ஒத்தச் சவள்தானே" என்றார். பிறகு கேட்டார்: "பொம்பிளைப் புள்ளையள் இதுக்கு முதலும் ஓடினவளுகளா?"

இல்லை என்றேன். 1972இல் ஒலிம்பிக்கிலே முதன்முதலில் இப்போட்டி இடம்பெற்றபோதும், இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் 1992இல் மீண்டும் சேர்க்கப்பட்டபோதும், அதன்பின் ரியோ வரையிலும், நான்கு போட்டிகளுள் ஒன்றே பெண்களுக்கு. ஆண்களுக்குக் கயாக், கனூ, இருவர் கனூ என மூன்று. பெண்களுக்குக் கயாக் மட்டும். 2021இலேதான் இருவர் கனூவை நீக்கிவிட்டுப் பெண்களின் கனூவை அவ்விடத்தில் வைத்தனர். நீதி கிடைத்தது, விலையும் கொடுக்கப்பட்டது. ஒரே வள்ளத்தில் இருவர் ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்து ஓட்டுகின்ற அழகு ஒலிம்பிக்கிலிருந்து மறைந்தது. 2000, 2004, 2008 என மூன்று விழாக்களில் அப்போட்டியில் தொடர்ந்து தங்கம் வென்ற ஸ்லோவாக்கிய இரட்டையர் ஹொக்ஷோர்னர் சகோதரருக்கு இனி வாரிசுகள் இல்லை. இரண்டையும் வைத்திருக்கலாமே என்று நான் கேட்டால், பதக்க எண்ணிக்கைக்கும் போட்டியாளர் தொகைக்கும் வரையறை உண்டு என்பார்கள். பங்கு கேட்பவர் வரும்போதெல்லாம் பந்தியில் இலை குறைவாகவே இருப்பது நம் ஊரில் மட்டும் நிகழும் அதிசயமன்று போலும்.

ஜெசிக்கா அன்று ஒரு கோலையும் தொடவில்லை. 105.04 விநாடிகள். இரண்டாவதாக வந்த இங்கிலாந்து வீராங்கனைக்கும் அவருக்கும் இடையே மூன்றரை விநாடிகளுக்கு மேற்பட்ட இடைவெளி. கடைசி வாயிலைக் கடந்து கடிகாரத்தைப் பார்த்தவுடன் அவர் முகத்தை மூடிக்கொண்டு கத்தியதை ஆளில்லாக் கரைகள் எதிரொலித்தன. முதன்முதலாகத் திறந்த வாயிலில் முதலாவதாக நுழைந்த பெண்.

நான் அம்மப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையின் பொருளை நான் அறிவேன். எங்கள் வீட்டில் அது எல்லோரும் அறிந்த, எவரும் பேசாத கதை. அம்மா பத்து வயதிலேயே மரக்கோலை ஊன்றித் தோணி தாங்கப் பழகியவர். கண்ணாக்காட்டின் ஓரத்து ஒடுங்கிய வாய்க்கால்களில் தம் தந்தையை முன்னே இருத்தி, வலைக்கம்பு ஒன்றிலும் படாது கொண்டுசென்று கொண்டுவருவாராம். கரையிலே நின்றவர்கள், "இவள் பொடியனாய்ப் பிறந்திருக்க வேண்டியவள்" என்பார்களாம். புகழ்ச்சி போலத் தோன்றும் அவ்வாக்கியம் உண்மையில் ஒரு தீர்ப்பு என்பதை அம்மா பெரியபிள்ளையான அன்று அறிந்துகொண்டார். மரக்கோல் மாமாவின் கைக்குப் போயிற்று. மாமாவுக்கோ நீர் என்றால் பயம். மூன்று வருடம் கம்புகளில் முட்டிமுட்டி ஊராரின் ஏச்சைக் கேட்டபின் அவர் மத்திய கிழக்குக்குப் பறந்துவிட்டார். அம்மா குசினியில் இருந்தார். எங்கள் பாடப்புத்தகங்களில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. கலைப்பீடத்திற்கு வந்த பின் அப்பெயர்களை நானும் கற்றேன், கட்டுரைகளில் எழுதிப் புள்ளியும் பெற்றேன். அவற்றுள் எதுவும் அம்மப்பாவின் அந்தப் பார்வைக்குப் பொருந்தவில்லை.

அதன்பின் அவர் வாய்விட்டு எதையும் கூறவில்லை என்பதே உண்மை. ஆனால் இந்த விளையாட்டைப் பற்றி அவர் ஓயாது கேட்கத் தொடங்கினார். நானும் தேடித் தேடிச் சொன்னேன். ஆக்ஸ்பேர்க் நகரிலே லெக் ஆற்றின் நீரைத் திருப்பிச் சீமெந்துக் கால்வாயில் விட்டு 1972 ஒலிம்பிக்கிற்கு ஆற்றைச் செய்த கதை அவருக்கு மிகவும் பிடித்தது. மேற்கு ஜேர்மனி அதைக் கட்ட, கிழக்கு ஜேர்மனி அதன் அளவுகளை அறிந்துகொண்டு தன் நாட்டின் சுவிக்காவு நகரில் அதைப்போன்ற கால்வாயொன்றை அமைத்துத் தன் வீரரை அதிலே பழக்கியது. விழாவிலே நான்கு தங்கங்களும் கிழக்கு ஜேர்மனிக்கே. "கள்ளனுகள்" என்று சொல்லி மெச்சினார். ஏதென்ஸில் 2004இல் கடல்நீரை இறைத்து ஆறாக ஓடவிட்டார்கள் என்றபோது, "அப்ப அது நம்மட வாவித் தண்ணிதான்" என்று உரிமை கொண்டாடினார். பம்பிகளால் இறைத்து ஓடவிடும் ஆறு ஆறாகுமா என்பது என் ஐயம். நீரடியிலுள்ள தடைகளை வேண்டியவாறு பெயர்த்து வைத்து, அலை இங்கே எழுக, சுழி அங்கே சுழல்க எனக் கட்டளையிடும் அந்த ஏற்பாட்டில் ஏதோ ஒன்று குறைவதாகவே எனக்குப் பட்டது. அவருக்கு அத்தகைய ஐயம் இல்லை. தண்ணீர் எங்கே ஓடினாலும் தண்ணீர்தான். அதற்கு ஆள் தெரியாது என்றார்.

ஆபிரிக்காவின் ரோகோ நாட்டுக்கு அதன் வரலாற்றிலேயே முதலாவது ஒலிம்பிக் பதக்கம் இந்த விளையாட்டிலேதான் கிடைத்தது. 2008இல் பெய்ஜிங்கில் பெஞ்சமின் புக்பெற்றி வெண்கலம் வென்றார். மகிழ்ச்சி மிகுதியால் தமது துடுப்பை இரண்டாக முறித்தார். அவர் பிரான்சில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அப்பதக்கத்தின் பெருமை சற்றுக் குறைந்ததென்று கூறுவாரும் உளர். ஜப்பானியர் தக்குயா ஹனெடா பாடசாலைக் கல்வி முடிந்ததும் பயிற்சிக்காக ஸ்லோவாக்கியாவுக்குச் சென்று, அங்கேயே தங்கி, அம்மொழி கற்று, 2016இல் வெண்கலம் வென்றார்; இவ்விளையாட்டில் ஆசியருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. துடுப்பு முறித்த கதையைக் கேட்ட அம்மப்பாவுக்குக் கடுங்கோபம். வயிற்றுக்குச் சோறு போட்டதை முறிப்பவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டார். பதக்கம் வாங்கியவன் என்றேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

பிறகு எனக்கு அனுமதி கிடைத்தது, ஊரைவிட்டு வந்தேன். 2024 ஆடியில் பாரிஸ் விழாவின்போது விடுதியில் இருந்தேன். ஜெசிக்கா கயாக்கிலும் கனூவிலும் இரண்டிலும் தங்கம் வென்றார். சில நாட்களின் பின், பலர் ஒரே வேளையில் நீரிற் குதித்து முட்டிமோதி ஓடும் புதிய கயாக் குறோஸ் போட்டியிலே தங்கை நொயெமி தங்கம் வென்றார். ஒவ்வொரு நாளும் இரவிலே அம்மப்பாவுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். முன்னைய நாளில் இரண்டு விநாடியால் போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றேன். "போனது வராது. இது வேற" என்றார்.

அந்த ஆவணியில் விடுமுறைக்குச் சென்றபோது அவருடைய முழங்கால் வீங்கி, எழுந்து நிற்கவும் இயலாதிருந்தது. முன்னாள் மாலை கட்டிய வலை நீரிலே கிடந்தது. காலையில் எடுக்காவிட்டால் இறால் செத்துவிடும். மாமா கட்டாரில். அயலார் அவரவர் வலைக்குப் போய்விட்டனர். அம்மா ஒன்றும் பேசாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாழ்வாரத்தில் கிடந்த மரக்கோலை எடுத்தார். அதைப் பிடித்து முப்பது ஆண்டுகளாவது ஆகியிருக்கும். நான் கூடவே ஓடினேன், என்னை ஏற்றவில்லை. அம்மப்பாவைக் கதிரையோடு தூக்கி வந்து கரையிலே கண்ணா மர நிழலில் இருத்தினோம்.

முதற் சில ஊன்றல்களில் தோணி தடுமாறியது. பின்னர் அம்மாவின் முதுகு எதையோ நினைவுகூர்ந்தது போல நிமிர்ந்தது, தோணி நேரானது. கம்பு வரிசைக்குள் நுழைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று எனக் கம்புகள் இருபுறமும் விலகிச் சென்றன. நான்காவது கம்பிலே தோணியின் பின்புறம் இலேசாகத் தட்டுப்பட்டது. கம்பின் நுனியிலிருந்த கொக்கு ஒன்று எழுந்து பறந்தது.

கரையிலிருந்து அம்மப்பா இரு விரல்களை உயர்த்திக் காட்டி, "ரெண்டு!" என்று உரத்துக் கூவினார்.

"என்னது ரெண்டு?" என்று அம்மா திரும்பிக் கேட்டார்.

அவர் பதில் சொல்லாமல் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளத் தொடங்கினார். அம்மா சற்று நேரம் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அடுத்த கம்புக்குத் தோணியைத் திருப்பினார்.